நடுக்கூடத்து விளையாட்டுகள்

மாலைப்பொழுது ஒரு குடும்பத்தின் பொதுச்சொத்து. காலையில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் செல்கின்றனர். தந்தை பணிக்குச் செல்கிறார். தாய் வயலுக்கோ அலுவலகத்துக்கோ சூளைக் கொட்டகைக்கோ செல்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்கின்றனர். பகல் முழுதும் பிரிந்திருந்தவர்கள் மீண்டும் ஒரு கூரையின்கீழ்ச் சேர்வது விளக்கேற்றும் வேளையிலேதான். சேர்ந்தபின் அவர்கள் என்ன செய்கின்றனர் என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க இருக்கும் பொருள்.

இந்நாளில் அப்பொழுதின் பெரும்பகுதியைத் திரைகள் எடுத்துக்கொள்கின்றன. கூடத்தில் தொலைக்காட்சி, திண்ணையில் ஒரு கைப்பேசி, அறையினுள் மற்றொன்று. நால்வர் வாழும் வீட்டில் நால்வரும் ஒருவரையொருவர் நோக்காமல் ஒரு மாலையைக் கழித்துவிட முடிகிறது. இதனைக் கூறும்போது திரையைப் பழிப்பது என் நோக்கமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே நம் பிள்ளைகளுக்கு வகுப்பறைகளாக விளங்கின. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் தந்தையின் முகத்தை இங்குள்ள குழந்தைக்குக் காட்டுவதும் அத்திரையே. பயன்படும் கருவியைப் பகைவனாகக் கருதுதல் அறிவுடைமை ஆகாது. ஆயினும், அதற்கு வீட்டில் எவ்வளவு இடம் தருவது என்பது நாம் முடிவு செய்ய வேண்டிய ஒன்று.

இதனை வரலாற்று முறையில் சற்று நோக்குவோம். சென்னையில் வானொலி நிலையம் 1938இலும், திருச்சிராப்பள்ளியில் 1939இலும் தொடங்கின. வானொலி வந்தபோது மக்கள் அதனைச் சுற்றி அமர்ந்தனர். காது அதன்பால் இருந்தது. கண் ஒருவரையொருவர் நோக்கியது. கை பூத்தொடுத்தது, முறுக்குப் பிழிந்தது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அப்பெட்டி நாளடைவில் வீடுகளுக்கு வந்தபோது, சுற்றி அமர்ந்தவர்கள் வரிசையாக அமரலாயினர். கண்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பின. எனினும், ஒரே காட்சியைக் கண்டு ஒன்றாகச் சிரிக்கும் உறவு எஞ்சியிருந்தது. கைப்பேசி வந்தபின் அவ்வரிசையும் கலைந்தது. வட்டம் வரிசையாயிற்று, வரிசை தனித்தனிப் புள்ளிகளாயிற்று. நம் இல்லங்களில் நேர்ந்துள்ள மாற்றத்தை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் இருத்தல் நன்று என்றும் கூறியுள்ளது. அறிவுரை நல்லதே. ஆனால் "பார்க்காதே" என்று கூறுவதனால் மட்டும் எக்குழந்தையும் பார்ப்பதை விடுவதில்லை. ஆசிரியப் பயிற்சியின்போது நாங்கள் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று இது: குழந்தையின் கையிலிருந்து ஒன்றை வாங்க வேண்டுமானால், அக்கையில் அதனினும் இனிய வேறொன்றை வைத்தல் வேண்டும். வெறுங்கை நெடுநேரம் வெறுங்கையாக இராது.

அவ்வாறு வைக்கத்தக்க பொருள் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? அது வீட்டின் நடுவே இருக்க வேண்டும். எல்லோர் கையும் அதன்மேல் பட வேண்டும். எழுபது வயதுப் பாட்டியும் ஏழு வயதுப் பேத்தியும் அதன்முன் ஏறத்தாழ நிகராய் அமர முடிய வேண்டும். அதற்குப் பெரும்பொருள் செலவாகக் கூடாது. இந்நான்கு இயல்புகளும் ஒருங்கே அமைந்தவை நம் முன்னோர் நடுக்கூடத்தில் ஆடிய விளையாட்டுகள்.

அவற்றின் பழமை வியக்கத்தக்கது. மதுரைக்கு அருகே வைகைக் கரையிலுள்ள கீழடியில் நடந்த அகழாய்வில், சுடுமண்ணாலான ஆட்டக்காய்களும் பகடைக்காய்களும் கிடைத்துள்ளன. உடைந்த பானை ஓடுகளைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டுள்ளன. பானை உடைந்தது என்று வருந்தியிருந்த வீட்டில், அவ்வோட்டையே எடுத்துத் தேய்த்து ஒரு குழந்தை விளையாடியிருக்கிறது! ஆன்பொருநை ஆற்று மணலில் பெண்கள் கழங்காடியதைப் புறநானூறு காட்டுகிறது. அக்கழங்கே இன்று ஐந்தாங்கல் என்றும் தட்டாங்கல் என்றும் பெயர் மாறி நம் திண்ணைகளில் வாழ்கிறது. நிறைந்த கல்வியின்றி அவையில் பேச முற்படுவோனை, கட்டம் வரையாமல் வட்டாடுவோனுக்கு வள்ளுவர் ஒப்பிடுகிறார். கேட்போர் எல்லோருக்கும் அவ்விளையாட்டுத் தெரிந்திருந்தால் அன்றோ அவ்வுவமை பொருந்தும்?

இனி, சில விளையாட்டுகளைத் தனித்தனியே காண்போம்.

முதலாவது பல்லாங்குழி. இரு வரிசையில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் கொண்ட மரப்பலகை அது. பலகை இல்லையேல் தரையில் சுண்ணக்கட்டியால் பதினான்கு வட்டங்கள் வரைந்தாலும் போதும். புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி விதை ஆகியவற்றுள் எது கிடைக்கிறதோ அதுவே காய். குழிக்கு ஐந்தாக இட்டால் மொத்தம் 70 காய்கள். ஒருவர் தம் பக்கத்துக் குழியொன்றின் காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். கையிலுள்ள காய் தீர்ந்ததும் அடுத்த குழியிலுள்ளவற்றை அள்ளித் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாய் இருப்பின், அதனைத் துடைத்துவிட்டு அதற்கப்பால் உள்ள குழியின் காய்களைத் தமக்கென எடுத்துக்கொள்வார். ஆட்டம் அடுத்தவரிடம் செல்லும். இடையே ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அது 'பசு'. அக்குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் இம்முறைகள் சிறிது வேறுபடும்.

இவ்விளையாட்டின் உயிர்நிலை அதன் இரண்டாம் சுற்றில் உள்ளது. முதற்சுற்றின் முடிவில் ஒருவரிடம் 28 காய்களும் மற்றவரிடம் 42 காய்களும் இருப்பதாகக் கொள்வோம். 28 காய் வைத்திருப்பவர் தம் ஏழு குழிகளுள் ஐந்தையே நிரப்ப முடியும். மூன்று காய்கள் மிஞ்சும். நிரம்பாத இரண்டு குழிகளையும் விட்டுவிட்டு அவர் ஆட வேண்டும். மற்றவரோ ஏழையும் நிரப்பி ஏழு காய்களைக் கையிருப்பாகவும் வைத்துக்கொள்வார். ஆகவே, தோற்றவர் குறைந்த பொருளுடன் அடுத்த சுற்றைத் தொடங்குகிறார். ஆயினும், ஆட்டம் முடிந்துவிடவில்லை. இரண்டு குழிகளை வைத்துக்கொண்டே மீண்டு வந்து வென்ற பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வகுத்தலையும் மீதியையும் ஒரு குழந்தை இதைவிட இனிய முறையில் கற்றல் அரிது. தோல்விக்குப் பின்னும் ஆட்டம் உண்டு என்பதையும் அது உடன் கற்கிறது. குழியில் காய் இட்டுப் பரப்பும் இவ்வகை விளையாட்டு ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் மங்கலா என்னும் பொதுப்பெயரால் வழங்குகிறது.

இரண்டாவது தாயம். பித்தளையாலான இரு தாயக்கட்டைகள் இதற்குக் கருவி. ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கங்கள். அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும். ஒரு பக்கம் வெறுமையாய் இருக்கும். இரண்டையும் உருட்டி விழும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டு கட்டைகளும் வெறும் பக்கம் காட்டினால் பன்னிரண்டு. தாயம் விழுந்தாலன்றிக் காயைக் கட்டத்தில் இறக்க முடியாது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுள் ஒன்று விழுந்தால் மீண்டும் உருட்டும் உரிமை உண்டு.

கணிதம் பயிலும் கல்லூரி மாணவர்கள் இதனைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாம். இரு கட்டைகளும் விழக்கூடிய முறைகள் நான்கு பெருக்கல் நான்கு, ஆகப் பதினாறு. அவற்றுள் தாயம் விழும் முறைகள் இரண்டு. இரண்டு விழும் முறைகள் மூன்று. மூன்று விழுபவை நான்கு. நான்கு விழுபவை மூன்று. ஐந்து விழுபவை இரண்டு. ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொன்று. எனவே தாயத்தின் வாய்ப்பு எட்டில் ஒன்று. "அப்படியானால் எட்டு முறை உருட்டினால் ஒரு முறை கட்டாயம் விழுமன்றோ?" என்று தம்பி கேட்பான். விழாது என்று அண்ணன் விளக்க வேண்டும். எட்டு முறையும் தாயம் விழாமற் போகும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 34. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தாயம் விழாமல் அரைமணி நேரம் காத்திருந்து அலுத்துப்போன ஒரு சிறுவனுக்கு, நிகழ்தகவு என்னும் சொல் பிற்காலத்தில் வகுப்பில் வரும்போது அது புதிய சொல்லாக இராது. பழைய வழக்காளியைப் போலத் தோன்றும்!

தாயத்தின் உறவினமாகிய பச்சீசி வடநாட்டில் புகழ்பெற்றது. அக்பர் அரசாண்ட பதேபூர் சிக்ரியின் அரண்மனை முற்றத்தில் அதற்கென வகுத்த பெருங்கட்டத்தை இன்றும் காணலாம். அவ்விளையாட்டே உருமாறி, 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லூடோ என்னும் பெயரில் உரிமம் பெற்றது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம் வீடுகளில் ஆடும் பரமபதத்தின் இனமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டை அடைந்து, பாம்பும் ஏணியுமாகி நமக்கே திரும்பி வந்தது. நம் கூடத்துப் பொருளை வண்ண அட்டையில் விலைகொடுத்து வாங்குகிறோம் என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

மூன்றாவது ஆடுபுலி ஆட்டம். கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் முக்கோண வடிவில் கீறப்பட்ட கோடுகளைப் பலர் கண்டிருக்கலாம். அக்கோடுகள் கூடும் இடங்கள் 23. ஒருவருக்கு மூன்று புலிகள். மற்றவருக்குப் பதினைந்து ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் இறக்க வேண்டும். அவை அனைத்தும் இறங்கிய பின்னரே நகரலாம். புலியோ தொடக்கம் முதலே நகரும். நேர்கோட்டில் ஓர் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தை அடைந்தால், அவ்வாட்டை வெட்டிவிடும். இரண்டு ஆடுகள் அடுத்தடுத்து நின்றால் புலியால் தாண்ட இயலாது. புலிகள் மூன்றையும் நகரவொட்டாமல் அடைத்துவிட்டால் வெற்றி ஆடுகளுக்கே.

ஓர் ஆடும் வெட்டுப்படாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால், கட்டத்தில் எஞ்சும் வெற்றிடங்கள் ஐந்தே. வலியவனுக்கு வழி எவ்வளவு குறைந்துவிடுகிறது பாருங்கள்! சதுரங்கத்தில் இருவர் படையும் நிகரானவை. இங்கோ வலிமை ஒருபுறம், எண்ணிக்கை ஒருபுறம். தனித்து நின்ற ஆடு மாளும். சேர்ந்து நின்ற ஆடு புலியைக் கட்டும். இவ்வுண்மையை ஆசிரியர் நூறு முறை கூறுவதினும், தந்தையின் புலியை ஒருமுறை அடைத்துக் காட்டிய மகள் நன்கு அறிவாள். தந்தையும் அன்று மகளின் அறிவைப் புதிதாகக் காண்பார். வீட்டில் சிறியவர் பெரியவரை முறையாக, அன்போடு, விதிகளுக்கு உட்பட்டுத் தோற்கடிப்பதற்கு வேறு எங்கே வாய்ப்பு இருக்கிறது?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. காய் உருட்டும் ஆட்டத்தில் காசு நுழைந்தால் அது சூதாகிவிடும். திருவள்ளுவர் அதனைக் கண்டிக்க ஓர் அதிகாரமே வகுத்தார். பாண்டவர் வீழ்ச்சியும் பகடையில் தொடங்கியதே. எனவே, பந்தயம் வைத்தே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினால், தோற்றவர் ஒரு விடுகதை போட வேண்டும் என்றோ, மறுநாள் வாசலில் கோலம் போட வேண்டும் என்றோ வைத்துக்கொள்ளுங்கள்.

கோலமும் குடும்பம் கூடிச் செய்யத்தக்கதே. புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையில் வளைந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் கோலங்களைக் கணினி அறிவியலாரும் ஆராய்ந்திருக்கின்றனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் 1970களில் கோலங்களைக் கணித இலக்கண முறையில் விளக்கிக் கட்டுரைகள் எழுதினர். அத்தையின் விரலில் இயல்பாய் ஓடும் வளைவு, ஆய்வு ஏடுகளில் இடம்பெறும் தகுதியுடையது. பெண்களுக்கு மட்டுமே அது உரியது என்று கருதாமல், ஆண்பிள்ளைகளும் மாவைக் கையிலெடுத்துப் பழகுதல் வேண்டும்.

இதுவரை கூறியவை எவ்வூருக்கும் பொது. எங்கள் விருத்தாசலத்திற்கு உரிய சிறப்பொன்றையும் கூற விரும்புகிறேன். எங்கள் ஊர் மணிமுத்தாற்றங்கரையில் உள்ளது. பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் கல்வி நிலையமும் இங்கே உண்டு. பொம்மைகளும் அகல் விளக்குகளும் செய்யும் சிறு தொழிற்கூடங்களும் உண்டு. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. கார்த்திகைக்கு விளக்குகளும், நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மைகளும் இவ்வட்டாரத்திலிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. வண்டிப்பாளையம், பண்ணுருட்டி ஆகிய ஊர்களின் மண்பொம்மைகளும் பெயர் பெற்றவை. இத்தகைய ஊரில் பிறந்த பிள்ளைகள் பொம்மை எவ்வாறு பிறக்கிறது என்பதை அறியாதிருத்தல் தகுமா?

அச்சில் வார்க்கும் முறை எளிய ஓர் அறிவியற்பாடம். பாரிஸ் சாந்தால் ஆன அச்சில் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு உலர்ந்த சாந்தாதலின் நீரை உறிஞ்சும். நீர் போன இடத்தில், அச்சின் உட்சுவரை ஒட்டி மண் ஓர் ஆடையைப் போலப் படியும். ஆடை வேண்டிய கனம் பெற்றதும், நடுவில் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிடுவார்கள். சற்று உலர்ந்தபின் அச்சைப் பிரித்தால், உள்ளே வெற்றிடம் கொண்ட பொம்மை கிடைக்கும். அதன் ஓரப் பிசிறுகளைச் சீவி, ஈரப்பஞ்சால் துடைத்து, நிழலில் உலர்த்திச் சூளையில் அடுக்குவார்கள். ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியசு வெப்பத்தில், மண்ணின் அணுக்கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடும். அதன்பின் அம்மண் மீண்டும் குழையாது. பீங்கான் வகைகளுக்கு 1000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும்.

வீட்டில் சூளை இல்லையே என்று தயங்க வேண்டா. ஒரு கூடை களிமண்ணும் பழைய செய்தித்தாளும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிது கழியும். கல்லும் வேரும் நீக்கி, நீர் தெளித்துப் பிசைந்து, ஒவ்வொருவரும் ஒவ்வோர் உருவம் செய்யுங்கள். பாட்டி அடுப்புச் செய்வார், தம்பி பேருந்து செய்வான், தந்தை செய்த யானை பெரும்பாலும் பன்றியைப் போலவே இருக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். அதனோடு ஒரு சோதனையும் செய்யலாம். மண்ணைப் பட்டையாகத் தட்டி, அதன்மேல் சரியாகப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் கீறுங்கள். நிழலில் நன்கு உலர்ந்தபின் மீண்டும் அளந்து பாருங்கள், இடைவெளி சுருங்கியிருக்கும். மண்துகள்களுக்கு இடையே நின்ற நீர் ஆவியாகி, துகள்கள் நெருங்கியதே காரணம். ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் செய்த பொம்மை வெடிப்பதும் இதனாலேதான்: மெலிந்த பகுதி முன்னே சுருங்க, தடித்த பகுதி பின்தங்குகிறது.

செய்த உருவங்களுக்கு வண்ணம் தீட்டி மாடத்தில் வையுங்கள். சுடாத மண்ணாதலின் ஒருநாள் உடையும். உடைந்தால் நீர் ஊற்றிப் பிசைந்து மீண்டும் செய்யலாம். கடையில் வாங்கிய சுட்ட அகல்களுக்கு வீட்டார் சேர்ந்து வண்ணம் தீட்டுவதும் நன்று. கார்த்திகை இரவில் அவை வாசலில் வரிசையாக எரியும்போது, "இது நான் தீட்டியது" என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு இருக்கும்.

கைகள் மண்ணில் இருக்கும்போது வாய் சும்மா இருப்பதில்லை; கதைகள் தாமே வெளிவரும். விடுகதையைப் பிசி என்னும் பெயரால் தொல்காப்பியம் இலக்கிய வகைகளுள் ஒன்றாகவே வைத்து எண்ணுகிறது. பழைய விடுகதைகளோடு புதியனவும் புனையலாம். சான்றாக ஒன்று: "நீரில் குழைந்தேன், நிழலில் இறுகினேன், நெருப்பில் பிழைத்தேன், இனி நீருக்கு அஞ்சேன், நான் யார்?" விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு விடையைக் கூறத் தேவையில்லை.

ஊர்க்கதைகளையும் பெரியோரிடம் கேளுங்கள். திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயர் கொண்ட எங்கள் ஊரில், சுந்தரர் தாம் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது வரலாறு. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்னும் பழமொழியை நாம் அன்றாடம் வழங்குகிறோம். அதன் பின்னணியில் இவ்வூர் ஆறு ஓடுகிறது என்பதைப் பாட்டி சொல்லித்தானே பேரன் அறிய வேண்டும்? ஒருமுறை ஆறாம் வகுப்பு மாணவர்களை, தத்தம் பாட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதப் பணித்தேன். முந்தைய இரவு கண்ட தொலைக்காட்சித் தொடரின் கதையை ஒன்றுவிடாமல் கூறத்தெரிந்த ஒரு சிறுவன், தன் வீட்டிலேயே வாழும் பாட்டி பிறந்த ஊர் எது என்று எழுத இயலாமல் விழித்தான். அறிவில் குறைந்த பிள்ளையல்லன் அவன். கேட்பதற்கு அவ்வீட்டில் ஒரு மாலை வாய்க்கவில்லை, அவ்வளவே.

இவற்றையெல்லாம் கேட்போர், "இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என வினவலாம். வினா நியாயமானதே. சுரங்கத்திலும் ஆலையிலும் முறைப்பணி செய்யும் தந்தை ஒருவாரம் இரவில் இரார். மறுவாரம் பகலில் உறங்குவார். ஆதலின் நாள்தோறும் வேண்டுமென்று நான் கூறவில்லை. கிழமைக்கு ஒரு மாலை, அதிலும் ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் கைப்பேசிகள் எல்லாம் ஒரு தட்டில் ஒன்றாக இருக்கட்டும். பெரியவரின் கைப்பேசியும் அத்தட்டில் இருத்தல் வேண்டும். தாம் திரையைப் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்காதே என்னும் தந்தையின் சொல் செல்லாது.

மற்றொன்றும் கூற வேண்டும். எல்லோரும் கூடத்தில் விளையாட, தாய் மட்டும் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தால் அது குடும்ப விளையாட்டு ஆகாது. அன்று சமையலைச் சுருக்குங்கள். அல்லது எல்லோரும் சேர்ந்து முன்னரே முடியுங்கள். பாத்திரங்களைப் பிள்ளைகள் கழுவட்டும். தாயும் தாயம் உருட்ட அமர்ந்த பின்னரே ஆட்டம் தொடங்க வேண்டும். தந்தை அயல்நாட்டில் இருப்பின், ஆடுபுலிக் கட்டத்தின் 23 இடங்களுக்கும் எண் இட்டு, அங்கொரு தாள் இங்கொரு தாள் வைத்துக்கொண்டு, "பன்னிரண்டிலிருந்து பதினாறுக்குப் புலி" என்று தொலைபேசியில் குரலாலேயே ஆடலாம். கருவி அப்போது தன் உரிய பணியைச் செய்கிறது.

மாணவ மாணவியரே, இறுதியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பல்லாங்குழியின் விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடும் என்றேன். அவ்வேறுபாடுகளுள் பல எந்நூலிலும் இல்லை. அவை பாட்டிமாரின் நினைவில் மட்டுமே உள்ளன. ஒரு பாட்டி மறையும்போது ஓர் ஆட்டமுறையும், அதற்குரிய சொற்களும், அதனோடு பாடிய பாட்டும் மறைந்துவிடக்கூடும். கீழடியில் சில்லு கிடைத்தது. அச்சில்லைக் கொண்டு ஆடிய விதி கிடைக்கவில்லை. மண் பொருளைக் காத்து வைக்கும். விதியைக் காத்து வைப்பவர் மனிதரே.

ஆகவே, இந்த விடுமுறையில் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். உங்கள் பாட்டியிடமோ, பாட்டி இல்லையேல் அண்டை வீட்டு முதியவரிடமோ சென்று, "நீங்கள் சிறுவயதில் என்ன விளையாடினீர்கள்?" என்று கேளுங்கள். கட்டத்தை வரையுங்கள், காய்களை எண்ணுங்கள், அவர் வழங்கும் சொற்களை அவர் சொல்லும் முறையிலேயே எழுதுங்கள், அவர் பிறந்த ஊரையும் முதற்பக்கத்தில் குறியுங்கள். எழுதியது சரிதானா என்று அறிய ஒரே ஒரு வழிதான் உண்டு. அவரை எதிரே அமர்த்தி, வீட்டார் அனைவரையும் அழைத்து, அவ்வாட்டத்தை ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும்.